எட்டு லிட்டர் போட்டோ தொட்டி: வீட்டில் மீன்களைப் படம் பிடித்த செய்முறை

கப்பி மீனின் கண்ணும் அதன் வால் துடுப்பின் கடைசிக் கதிரும் ஒரே படத்தில் கூர்மையாக விழுந்தபோது கேமராவில் இருந்த அளவுகள் இவை: ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, இரண்டு ஃப்ளாஷ்களும் முழுப் பவரில் 1/16 பங்கில். இதே கேமரா, சின்னப் பொருளை நெருக்கத்தில் எடுக்கும் இதே 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை வைத்து இரண்டு வாரம் முன்பு கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டியில் எடுத்த 200 சொச்சம் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. இடையில் மாறியவை நான்கு: மீன் நீந்தும் இடத்தின் அகலம், கண்ணாடி, தண்ணீர், வெளிச்சம் வரும் திசை. எது எந்த வரிசையில் மாறியது, எங்கே தப்பு நடந்தது, எவ்வளவு செலவானது என்பதை அப்படியே கீழே எழுதியிருக்கிறேன்.

பெரிய தொட்டியில் நடந்தது

இரண்டடித் தொட்டி என்றால் 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம். மீனுக்கு நல்ல வீடு, படத்துக்குத் தோதில்லாத இடம். மீன் முன் கண்ணாடியில் இருந்து 3 செ.மீ. தள்ளியும் இருக்கும், 25 செ.மீ. தள்ளியும் இருக்கும். மூன்றரை செ.மீ. கப்பி என் கேமராவின் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் (படம் பதியும் சில்லில்) ஓரளவு நிறைந்து நிற்க வேண்டுமென்றால் அதன் உருவம் நிஜ அளவில் பாதியாவது சென்சாரில் விழ வேண்டும். அந்த நெருக்கத்தில் எஃப்/11 வைத்தாலும் கூர்மை விழும் ஆழம் தண்ணீருக்குள் 3 மி.மீ.தான் கிடைக்கும். 30 செ.மீ. அகலத்தில் 3 மி.மீ. என்றால் நூற்றில் ஒரு பங்கு. மீன் தற்செயலாக அந்த ஒரு பங்குக்குள் வந்து, பக்கவாட்டில் நேராக நின்று, அந்த நொடியில் விரலும் அழுத்தியிருந்தால்தான் படம். ஏஞ்சல் மாதிரி பெரிய மீனுக்கு நிஜ அளவில் கால் பங்கு போதும். அதனால் ஆழமும் 1 செ.மீ. வரை கிடைக்கும். கப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் அந்தச் சலுகை இல்லை.

வெளிச்சத்துக்கு முதலில் எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 50 வாட்ஸ் எல்இடி ஃபோகஸ் லைட் ஒன்றைத் தொட்டிக்கு மேலே கட்டினேன். கண்ணுக்குப் பளீரென்று இருந்தது. கேமராவுக்குப் போதவில்லை. எஃப்/8, 1/250 வைத்தால் ஐஎஸ்ஓ 3200க்குப் போக வேண்டியிருந்தது, அப்போதும் வால் ஆட்டம் கலங்கியே விழுந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒழுங்கான டிரைவர் (மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று) இல்லாத மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளுத்தும் ஒன்று இருண்டும் வரும். வீடியோ எடுப்பவர்கள் இதே விளக்கை 1/50 அல்லது 1/100 ஷட்டரில் வைத்தால் தப்பிக்கலாம். நீந்தும் மீனை நிறுத்திப் படம் எடுக்க அது உதவாது.

அடுத்த தப்பு போலரைசர் ஃபில்டர். கண்ணாடியில் தெரியும் சன்னலின் பிரதிபலிப்பை அது நீக்கிவிடும் என்று மாட்டினேன். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக இருக்கும்போது போலரைசரால் பிரதிபலிப்பைக் குறைக்க முடியாது. சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது வேலை செய்யும். மீன் தொட்டியில் சாய்வாகப் பார்த்தாலோ கூர்மை போய்விடும். கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து உருவத்தை இழுத்து, செதில்களின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரிந்து நிற்கும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இதற்குத் தப்பாது. ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) விழுங்கியதுதான் மிச்சம். கழற்றி வைத்துவிட்டேன்.

இந்தக் கட்டத்தில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்று: லென்ஸ் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கும் வழி. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தொட்டியின் முன் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, வ்யூஃபைண்டரில் பார்க்க வேண்டும். லென்ஸின் வட்டம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் செங்குத்து. கொஞ்சம் விலகினால் டிரைபாடைத் தூக்கியோ திருப்பியோ சரிசெய்துகொள்ளலாம். அரை நிமிட வேலை. ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

தொட்டி செய்தது

மீனின் இடத்தைச் சுருக்காமல் வழியில்லை என்று தெரிந்த பிறகு, ஒல்லியான தொட்டி ஒன்று செய்யத் தீர்மானித்தேன். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் சந்தைக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் சின்னத் தொட்டிகளில் பல அகலமானவை, அல்லது வளைத்து வார்த்த கண்ணாடி. வளைந்த கண்ணாடி வழியே நல்ல படம் வராது. உள்ளளவு 350 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம், 250 மி.மீ. உயரம் என்று முடிவு செய்தேன். 200 மி.மீ. வரை தண்ணீர் நிரப்பினால் 8.4 லிட்டர்.

5 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடியில் (சாதாரணச் சன்னல் கண்ணாடி) வெட்டச் சொன்னவை: முன், பின் தலா 360 × 250; பக்கங்கள் தலா 120 × 250; அடித்தட்டு 360 × 130. பக்கக் கண்ணாடிகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உட்காரும், நான்கும் அடித்தட்டின் மேல் நிற்கும். அகலக் கணக்கில்தான் சறுக்கல். 120ஓடு இரண்டு 5 சேர்த்து 130 என்று போட்டேன். ஒவ்வொரு மூட்டிலும் சிலிக்கான் 1 மி.மீ. தடிமன் பிடிக்கும் என்பது கணக்கில் வரவில்லை. நிறுத்திப் பார்த்தால் அகலம் 132, முன்னும் பின்னும் 1 மி.மீ. அடித்தட்டுக்கு வெளியே தொங்கியது. இவ்வளவு சிறிய தொட்டிக்கு ஆபத்தில்லை, ஒழுகவும் இல்லை. இருந்தாலும் அடித்தட்டு 134 இருந்திருக்க வேண்டும்.

கடையில் கண்ணாடித் தகட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதைச் சாய்த்துப் பிடித்து அதன் வழியே சன்னல் கம்பியைப் பார்த்தால் போதும். தகட்டை மெல்ல நகர்த்தும்போது கம்பி நெளிந்தால் அது வேண்டாம். முன் கண்ணாடிக்கு என்று தனியாகக் கீறல் பார்த்து வாங்க வேண்டும். எல்லா ஓரங்களையும் தேய்த்துத் தரச் சொல்ல வேண்டும். தேய்க்காத ஓரம் கையையும் வெட்டும், மீனின் துடுப்பையும் கிழிக்கும்.

ஒட்டுவதற்கு வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கான். குளியலறைக்கு என்று விற்கும், பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த ரகம் மீனைக் கொல்லும், அதைத் தொடவே கூடாது. ஓரங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மூட்டின் இரு பக்கமும் 4 மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கானை ஒரே இழுப்பில் விட்டு, மூலைமட்டம் வைத்து நேர் பார்த்து, வெளியே டேப் போட்டு இறுக்கினேன். உள் மூலைகளை விரலால் வழித்த உடனே, சிலிக்கான் ஈரமாக இருக்கும்போதே, மாஸ்கிங் டேப்பை உரித்துவிட வேண்டும். பின்பக்க மூலைகளில் கால் மணி நேரம் விட்டு உரித்தேன். அதற்குள் மேலே தோல் கட்டியிருந்தது. பிய்ந்து பிசிறாக வந்தது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், சென்னைக் காற்றில் அதற்குக் குறைவே இல்லை. இந்த ஊரில் தோல் கட்டும் வேகத்தைக் கருதி ஒரு நேரத்தில் ஒரு மூட்டு என்று வேலை செய்வது நல்லது. மூன்று நாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி, கீழே நாளிதழ் விரித்து ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். தாள் நனையவில்லை. பிறகு இரண்டு முறை தண்ணீர் மாற்றிய பிறகே வினிகர் வாடை முழுக்கப் போனது.

தொட்டியின் உயிர் அதன் தடுப்பில் இருக்கிறது. 340 × 240 அளவில் 3 மி.மீ. கறுப்பு அக்ரிலிக் தகடு ஒன்று, அதே அளவில் கண்ணாடிக் கடையில் மிச்சத் துண்டில் வெட்டி வாங்கிய 4 மி.மீ. கண்ணாடி ஒன்று. எது தேவையோ அதைத் தொட்டிக்குள் முன் கண்ணாடிக்கு இணையாகச் செருகி, பின்னால் ஸ்பாஞ்ச் கட்டைகளை அண்டக் கொடுத்தால் மீனுக்கு முன்னால் 40 மி.மீ. இடம்தான் மிஞ்சும். கப்பிக்கு 35, ஃபைட்டர் மீனுக்கு 45, ஏஞ்சலுக்கு 60 என்று வைக்கிறேன். மீன் திரும்ப முடியாத அளவுக்கு நெருக்கக் கூடாது. தன் உடம்பு நீளத்துக்காவது இடம் வேண்டும். இரு ஓரங்களிலும் 5 மி.மீ. சந்து இருப்பதால் குட்டிக் கப்பிகள் பின்னால் நழுவிவிடும். அங்கே ஸ்பாஞ்ச் துண்டு வைத்து அடைக்க வேண்டும்.

கறுப்புப் பின்னணிக்கு முதலில் தொட்டிக்கு வெளியே, பின் கண்ணாடியோடு சேர்த்துக் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்தேன். ஃப்ளாஷ் பட்டதும் சாம்பலாக வெளுத்தது. வெல்வெட் துணி அரை மீட்டர் வாங்கி மாட்டினேன், கறுப்பு நன்றாக வந்தது, ஆனால் பின் கண்ணாடியில் ஃப்ளாஷின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் பொட்டாக நின்றது. காற்றைத் தொடும் கண்ணாடி முகம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு திருப்பி அனுப்பும். இரு பக்கமும் தண்ணீர் இருந்தால் அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் திரும்பும். அதனால்தான் பளபளக்கும் கறுப்பு அக்ரிலிக் தண்ணீருக்குள் போனதும் கரிய துணி மாதிரி அடங்கிவிடுகிறது. வெல்வெட் இப்போது கேமரா பக்கத்தில் வேலை செய்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர்

இந்த இடத்தில்தான் அதிகப் படங்கள் வீணாகின. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரில் ஃப்ளாஷ் அடித்தால் பனி பெய்வதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரியும்.

மீன் எந்தத் தொட்டியில் வளர்கிறதோ அதே தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். உப்புத்தன்மை, அமிலத்தன்மை எதுவும் மாறாது, மீனுக்கு அதிர்ச்சி இல்லை. அந்தத் தண்ணீரை ஃபில்டர் பஞ்சு வைத்த புனல் வழியாக ஒருமுறை, நான்காக மடித்த பழைய வேட்டித் துணி வழியாக இன்னொரு முறை வடிகட்டுகிறேன். துணி சோப்பு வாடையே இல்லாமல் அலசியதாக இருக்க வேண்டும். வடிகட்டிய பிறகு இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் இரண்டு விரல்கடை தண்ணீரை விட்டுவிட்டு மேலிருப்பதை மட்டும் டியூப் போட்டு இழுக்கிறேன். ஒன்பது லிட்டர் வேண்டுமென்றால் பதினொன்று எடுத்து வைக்க வேண்டும்.

மெட்ரோ வாட்டரை நேரடியாக ஊற்றிய முறை வேறு தொல்லை வந்தது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அறைச் சூட்டில் வெளியேறி, கண்ணாடியிலும் அக்ரிலிக்கிலும் ஆயிரம் குமிழ்களாக ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்க வந்தது. புதுத் தண்ணீர்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் குளோரின் போக்கி, ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் ஓடவிட்டு, பிறகு அமைதியாக வைத்தால் குமிழ் வராது. மீன் கடைகளில் ஆன்டி-குளோரின் என்று கற்கண்டு போலத் தரும் படிகம் பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட். இருட்டறைக் காலத்தில் ஃபிலிமை நிலைப்படுத்த ஸ்டூடியோக்காரர்கள் கரைத்து வைத்திருந்த ஹைப்போ இதே பொருள்தான். போட்டோவும் மீனும் இப்படி ஒரு பொட்டலத்தில் சந்திப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

தண்ணீர் மேல்பரப்பில் எண்ணெய் போலப் படலம் இருந்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் திட்டுத் திட்டாக இறங்கும். டிஷ்யூ பேப்பரைப் பரப்பின் மேல் படுக்கவைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் படலம் அதோடு வந்துவிடும். இரண்டு தாள் போதும்.

போர் தண்ணீர் வைத்திருக்கும் வீடுகளில் கண்ணாடிக்கு வெளியே சிந்திக் காய்ந்த துளிகள் வெள்ளை உப்புப் பொட்டாக நிற்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணி அதை எடுத்துவிடும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டாம். பலவற்றில் அமோனியா இருக்கும், அந்தச் சாரல் எட்டு லிட்டரில் விழுந்தால் மீனுக்கு ஆகாது. உள்பக்கப் பாசிக்குப் பழைய ஏடிஎம் கார்டு நல்ல கருவி.

வெளிச்சம் மேலிருந்து

மீனின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது வெளிச்சம் மேலிருந்து வருகிற உலகத்துக்காக. கேமராவின் தலையில் மாட்டிய ஃப்ளாஷில் எடுத்தால் கண்ணாடியில் வெள்ளை வெடிப்பு விழுவதோடு, மீனும் தட்டில் வைத்த மீன் மாதிரித் தட்டையாகத் தெரியும். அதனால் முதல் ஃப்ளாஷ் தொட்டிக்கு மேலே.

மருந்துக் கடையில் ஊசி மருந்து வந்து இறங்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் அடியை வெட்டி எடுத்து, தொட்டியின் மேல் வைக்கும்படி செய்தேன். கீழ் வாயில் 3 மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக் தகடு. மேல் மூடியில் ஃப்ளாஷ் தலை நுழையும் அளவுக்குத் துளை. ஃப்ளாஷுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையில் 15 செ.மீ. இருக்கிறது. முதலில் 4 செ.மீ.யில் வைத்தபோது வெளிச்சம் நடுவில் குவிந்து, மீனின் முதுகில் செதில்கள் வெந்துபோன மாதிரி வெளுத்தன. உயர்த்தியதும் பெட்டிக்குள் அடித்துத் தெறித்து சமமாக இறங்கியது. அக்ரிலிக் தகடு மூடியாகவும் பயன்படுகிறது; மீன் துள்ளி வெளியே விழாது, தண்ணீர் ஃப்ளாஷில் தெறிக்காது. ஃப்ளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். அது தண்ணீருக்குள் விழ வாய்ப்பே இல்லாதபடி ஸ்டாண்டில் இறுக்கி, மேலே ஒரு கயிறும் கட்டிய பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.

இரண்டாவது ஃப்ளாஷ் இடது பக்கக் கண்ணாடி வழியே, ஒரு ஏ4 வெள்ளைத் தாள் மறைப்போடு. இது துடுப்புகளின் கதிர்களைக் காட்டுவதற்கு. வயிற்றுப் பக்கம் நிழல் மிச்சம் இருக்கும். அதற்கு வெள்ளைத் தரை போட்டுப் பார்த்தேன். நிழல் நீங்கியது, மீனின் நிறமும் சேர்ந்து நீங்கியது. வெளிறிய தரைக்கு ஏற்ப மீன்கள் தங்கள் நிறத்தையே குறைத்துக்கொள்ளும். கால் மணியில் சிவப்புக் கப்பி ஆரஞ்சாகிவிட்டது. இப்போது தரை முழுக்கக் கறுப்பு, முன் கண்ணாடியை ஒட்டி மட்டும் 3 செ.மீ. அகல வெள்ளை அக்ரிலிக் பட்டை. கேமரா பார்க்கும் சட்டத்துக்குக் கீழே இருப்பதால் படத்தில் வராது. வயிற்றுக்குப் போதுமான வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மீனும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஷட்டர் 1/200க்கு மேலே போகக் கூடாது. என் கேமராவின் ஃப்ளாஷ் ஒத்திசைவு எல்லை அது; அதைத் தாண்டினால் ஃப்ளாஷ் எரியும்போது ஷட்டர் முழுதாகத் திறந்திருக்காது. 1/500 வைத்து எடுத்தவற்றில் படத்தின் பாதி இருட்டுப் பட்டை. மீனின் அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ் எரியும் நேரம்தான். பவரைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் குறையும். முழுப் பவரில் ஒரு ஃப்ளாஷ் வைப்பதைவிட 1/16இல் இரண்டு வைப்பதுதான் வாலை நிறுத்தும், ஃப்ளாஷும் அடுத்த படத்துக்குச் சீக்கிரம் தயாராகும்.

அமைத்து முடித்ததும் ஒரு சோதனை கட்டாயம். ஃப்ளாஷ்களை அணைத்துவிட்டு அதே அளவில் ஒரு படம் எடுக்க வேண்டும். முழுக் கறுப்பாக வந்தால் சரி. எதாவது தெரிந்தால் டியூப் லைட்டோ சன்னலோ படத்துக்குள் நுழைகிறது. மிச்சம் வருவது கேமராவின் சொந்தப் பிரதிபலிப்பு. வெல்வெட் துணியின் நடுவில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு முன்னால் தொங்கவிட்டதும் அதுவும் போனது. அறையை முழு இருட்டாக்க வேண்டாம். மீனுக்கு இமை கிடையாது, பெரும்பாலான மீன்களின் கண்மணி சுருங்குவதும் இல்லை. தொட்டி விளக்கு ஒன்று மங்கலாக எரியட்டும். எஃப்/11இல் அது படத்தில் பதியாது, மீன் திடுக்கிடாமல் இருக்கும், நமக்கும் ஃபோகஸ் தெரியும்.

மீன் தயாராக வேண்டும்

முதல் நாள் மீனைப் பிடித்து விட்ட கையோடு எடுத்த படங்கள் அத்தனையும் துடுப்பு ஒட்டிக்கொண்டு, நிறம் வெளுத்து வந்தன. இப்போது முந்தின மாலையே விட்டுவிடுகிறேன். பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் கூடவே மாற்றி வைத்தால் அந்த இரவு தண்ணீர் கெடாது. முந்தின நாள் முழுக்கத் தீனி இல்லை. கழிவு மிதக்காது, வயிறும் இயல்பான வடிவில் இருக்கும். வலை வேண்டாம், கப்பில் தண்ணீரோடு முகந்து மாற்ற வேண்டும். ஏஞ்சலின் நீண்ட துடுப்பு வலையில் சிக்கினால் அடுத்த மூன்று வாரத்துக்குப் படம் கிடையாது. கொளத்தூரில் வாங்கிவந்த அன்றே எடுக்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். ஆக்சிஜன் அடைத்த பையில் வந்த மீன் நிறம் திரும்ப நான்கைந்து நாளாகும்.

எடுக்கப் பத்து நிமிடம் முன்பு ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளியே எடுத்துவிட வேண்டும். தண்ணீர் அசைந்தால் மேலிருந்து வரும் வெளிச்சம் மீனின் முதுகில் நெளிநெளியாகக் கோடு போடும். ஆனால் சென்னையில் மே மாதம் தொட்டித் தண்ணீரே 31, 32 டிகிரியைத் தொடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.6தான் பிடிக்கும். எட்டு லிட்டரில் காற்றில்லாமல் அதிக நேரம் வைக்கக் கூடாது. இருபது நிமிடம் படம், பத்து நிமிடம் காற்று. செவுள் வேகமாக அடித்தாலோ மீன் மேலே வந்து வாய் பிளந்தாலோ அன்றைய வேலை முடிந்தது.

ஏசி அறையில் கேமராவை வைத்திருந்தால் அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸில் பனி படியும், துடைக்கத் துடைக்க மறுபடி படியும்.

எடுத்தது

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டேன். விசிட்டிங் கார்டு ஒன்றை லேமினேட் செய்து, முன் கண்ணாடியில் இருந்து 20 மி.மீ. தள்ளித் தண்ணீருக்குள் நிறுத்தி, எழுத்தின் மேல் ஃபோகஸ் வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் அதே கார்டை வைத்துச் சரிபார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு கணினியில் நிறம் பார்க்க உதவும். கார்டை எடுத்துவிட்டு, மீன் அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வேலை. கண் கூர்மையாக இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. கண் கலங்கிய படத்தில் வால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடலாம்.

கப்பி ஒரு மணி நேரத்தில் 140 படங்களுக்கு 9 தந்தது. ஃபைட்டருக்குத் துடுப்பை விரிக்கவைப்பதுதான் சவால். பக்கக் கண்ணாடி அருகில் இன்னொரு ஃபைட்டர் இருக்கும் பாட்டிலையோ சின்ன முகக் கண்ணாடியையோ காட்டினால் விரிக்கும். மூன்று நிமிடத்துக்கு மேல் காட்டாமல் எடுத்துவிட வேண்டும். நீண்ட நேரம் வைத்தால் மீன் களைத்து, துடுப்பு நுனியைத் தானே கடித்துக்கொள்வதும் உண்டு. விரித்து முழுவட்டமாக நிற்பது முதல் அரை நிமிடத்தில்தான்.

வெள்ளி உடம்பு ஏஞ்சல் பாடாய்ப்படுத்தியது. செதில் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி ஃப்ளாஷைத் திருப்பி அடிக்கும். பக்க ஃப்ளாஷை 1/64க்கு இறக்கி, மேலே அக்ரிலிக்கின் மீது ஒரு டிரேசிங் தாளும் போட்ட பிறகுதான் செதில்களின் எல்லை தெரிந்தது. மீன் கேமராவை நோக்கி ஒரு துளி திரும்பியிருந்தாலும் பளபளப்பு கூடிவிடும். நேர் பக்கவாட்டில் நின்றவைதான் தேறின.

டெனிசன் பார்ப் நிற்கவே நிற்காது, ஒற்றையாக விட்டால் மிரளும். மூன்றை ஒன்றாக விட்டேன், தடுப்பை 80 மி.மீ.க்குத் தள்ளினேன். 35 செ.மீ. நீளத்தின் கடைசியில் திரும்பும் முன் அரை நொடி வேகம் குறைகிறது. கேமராவை நடுவில் வைக்காமல் வலது ஓரத்தில் இருந்து 10 செ.மீ. உள்ளே வைத்ததும் படம் வர ஆரம்பித்தது. இந்த மீனுக்கு இந்தத் தொட்டி சின்னது. அரை மணிக்கு மேல் அதில் வைக்கவில்லை.

போனில் எடுப்பவர்களுக்கும் இதே தொட்டி உதவும். போனின் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸில், ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் குறைத்து எடுக்கலாம். நைட் மோடு வேண்டாம். மெதுவாக நகரும் மீன்களுக்கு மட்டும்.

செலவும் அடுத்த முறை மாற்றுவதும்

கண்ணாடி, வெட்டும் கூலி, ஓரம் தேய்த்தது சேர்த்து 420 ரூபாய். சிலிக்கான் 190. பால் வெள்ளை அக்ரிலிக் 180. கறுப்பு அக்ரிலிக் 150. வெல்வெட் 120. சார்ட் பேப்பர் 10. ஆக 1,070 ரூபாய். ஃப்ளாஷ், அதைத் தள்ளி நின்று அடிக்கவைக்கும் டிரிக்கர், கேமரா ஏற்கெனவே இருந்தவை. ஃப்ளாஷ் வாங்க வேண்டியவர்கள் சென்னை ரிச்சி தெருவின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ வேறெங்கோ கேட்கும்போது கையால் பவர் மாற்றும் வசதியும் 1/64 வரை இறங்கும் வசதியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தானியங்கி வசதிகளுக்கு இங்கே வேலை இல்லை. ஒரே ஒரு ஃப்ளாஷ்தான் என்றால் மேலே வைக்க வேண்டும்.

அடுத்த தொட்டியில் முன் கண்ணாடி மட்டும் 4 மி.மீ., இரும்புச் சத்து குறைந்த வெள்ளைக் கண்ணாடியாக இருக்கும். இப்போது இருப்பதில் ஒரு மெல்லிய பச்சைச் சாயல் ஏஞ்சலின் வெள்ளியில் தெரிகிறது. கணினியில் எடுத்துவிடலாம், ஆனால் எடுக்கும்போது சிவப்பும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. நீளம் 350இல் இருந்து 450 ஆகும், டெனிசன் போன்றவற்றுக்காக. தடுப்பு நிற்க ஸ்பாஞ்சுக்குப் பதில் பக்கக் கண்ணாடிகளில் 10 மி.மீ. இடைவெளியில் கண்ணாடிப் பட்டைகள் ஒட்டி வரிப்பள்ளம் செய்ய வேண்டும். ஸ்பாஞ்ச் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் தூசி கிளப்புகிறது. மாஸ்கிங் டேப்பை உடனே உரிக்க வேண்டும். அடித்தட்டு 134.

வேலை முடிந்ததும் மீனைக் கப்பில் முகந்து பழைய தொட்டியில் விட்டு, போட்டோ தொட்டியைக் கல் உப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் கவிழ்த்துக் காயவைக்கிறேன். கறுப்பு அக்ரிலிக்கை மட்டும் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காய்ந்த துணி பட்டால் கீறல் விழும்; அடுத்த முறை ஃப்ளாஷ் அடிக்கும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் மீனுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மயிர் மாதிரி நிற்கும்.